மூத்தோரின் பிள்ளைப் பருவத்தைக் கேட்டு எழுதுவது எப்படி?

குழந்தைப் பருவம் என்று நாம் இன்று எதைச் சொல்கிறோமோ அதையே நம் பாட்டிமாரும் சொல்வார்கள் என்று எண்ணிக் கேட்கத் தொடங்கினால், "அதெல்லாம் என்னத்தக் கண்டோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே முதலில் வயதைக் கேட்காதீர்கள். மதுரை வட்டாரத்தில் பிறந்த தேதி தெரியாமலே வளர்ந்தவர்கள் ஏராளம். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்ட பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டு வாத்தியார் எழுதிய நாளே பலருக்குப் பிறந்தநாளாக நிலைத்துவிட்டது. "கை காதுக்கு எட்டும் முன்பு என்ன செய்தீர்கள், எட்டிய பிறகு என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ஆண்டைக் கணிக்க, வைகை அணை திறந்த 1959, தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 போன்றவை துணை செய்யும்.

அடுத்து, அந்த நாளில் கையில் இருந்தது சிலேட்டா, ஆடு மேய்க்கும் கம்பா, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் நூலா என்று கேளுங்கள். மேலூர்ப் பக்கம் பிறந்த என் அப்பத்தா, "எனக்கு விவரம் தெரிஞ்சப்பவே தம்பி என் இடுப்புலதான் இருந்தான்" என்றார். அவனைச் சுமந்தபடியே பாண்டி ஆடியதையும், சில்லை எடுக்கக் குனியும்போதெல்லாம் அவன் தம் முடியைப் பற்றிக்கொண்டதையும் அவர் சொன்னபோது, விளையாட்டு, வேலை என்று நான் நோட்டில் போட்டிருந்த இரண்டு கட்டங்களில் எதிலும் அதை எழுத முடியவில்லை. கட்டம் போடாமல், சொன்னதைச் சொன்னபடி எழுதுவதே நல்லது.

அக்காலத்தார் மழலையைப் போற்றவில்லை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கிப் பாடிய பிள்ளைத்தமிழில் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், அம்புலி என்று பருவந்தோறும் கொஞ்சல் நிறைந்திருக்கிறது. எந்த வயதுவரை ஒருவரைப் பிள்ளையாகவே விட்டுவைப்பது என்ற கணக்குத்தான் பெரிதும் மாறியிருக்கிறது. கேட்டு எழுதியதன் ஓரத்தில் சட்டம் சொன்ன வயதையும் குறித்துவையுங்கள்: 1929ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆக இருந்த பெண்ணின் திருமண வயது, 1978ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 18 ஆனது, 2009ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கல்வியை உரிமையாக்கியது. 2022 செப்டம்பரில் சிம்மக்கல் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, பிள்ளையின் காலைப் பசியும் அரசின் பொறுப்பாயிற்று.

எழுதி முடித்ததும் சொன்னவருக்கே படித்துக் காட்டுங்கள். "சிறு வயதிலேயே வேலை செய்தார்" என்று நான் எழுதியதைக் கேட்டு, "அது வேலையா? அவன் என் தம்பியில்ல" என்றார் அப்பத்தா. என் சொல்லையும் அடிக்காமல், அதனருகில் அவர் சொல்லையும் எழுதிவைத்தேன்.