மூடிய க்வெவ்ரியைத் திறக்கச் சொல்லாதீர்கள்: ககேதிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜார்ஜியாவின் கிழக்கே, காக்கசஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது ககேதி. அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊர்களில் பல குடும்பங்கள் வீட்டிலேயே ஒயின் போடுகின்றன. சொல்லிவிட்டுப் போக வேண்டும், குடித்துவிட்டு வண்டியோட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். முதன்முறை போகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் மற்ற தவறுகள் இவை.

மூடிய க்வெவ்ரியைத் திறக்கச் சொல்வது

எல்லாவற்றிலும் கேடானது இதுதான். க்வெவ்ரி என்பது முட்டை வடிவ மண்தாழி. உட்புறம் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்திருப்பார்கள். அது இருக்கும் அறைக்கு மரானி என்று பெயர். செப்டம்பர், அக்டோபரில் நடக்கும் அறுவடைக்கு ர்த்வேலி என்பார்கள். வெள்ளைத் திராட்சையானாலும் சாற்றோடு தோல், விதை, காம்பு எல்லாம் தாழிக்குள் போகும். நொதிக்கும் நாட்களில் தோல் மேலே மிதக்கும். அதைத் தினமும் பலமுறை கோலால் அமுக்கிவிடுவார்கள். நொதித்தல் அடங்கியதும் விதை கூர்மையான அடிக்கு இறங்கும். அதன்மேல் தோல் படியும். பிறகு வாயை மூடியால் அடைத்து, சுற்றிலும் ஈரக் களிமண் அப்பி, வசந்தம்வரை தொடவே மாட்டார்கள்.

இந்த மாதங்களில்தான் விருந்தாளி வந்து, "ஒரு போட்டோ எடுக்கணும், கொஞ்சம் திறங்களேன்" என்கிறார். விருந்தினர் கடவுள் அனுப்பியவர் என்று நம்பும் வீட்டுக்காரருக்கு மறுக்க மனம் வராது. களிமண்ணைச் சுரண்டி மூடியைத் தூக்குகிறார்.

உள்ளே ஒயினுக்குமேல் கரியமில வாயு தங்கியிருக்கும். மூடி திறந்தால் அது கலைந்து காற்று இறங்கும். காற்றுப் பட்ட பரப்பில் வினிகராக்கும் பாக்டீரியா வேலையைத் தொடங்கும். வீட்டு ஒயினில் கந்தகம் சேர்ப்பது குறைவு, பலர் சேர்ப்பதே இல்லை. ஆகவே அதைத் தடுக்க எதுவும் இல்லை. உடனே ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்துப் புளித்த வாடை வரும்போது விருந்தாளி ஊர் திரும்பியிருப்பார். தன்னால் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியாது; அதனால்தான் அடுத்தவரும் இதையே கேட்கிறார். 1,000 லிட்டர் ஒயின் என்றால் 1,300 புட்டிக்கு மேல். ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு ஒரு படத்துக்காகப் போவது பொறுக்கக்கூடியதல்ல.

பார்க்க ஆசை இருந்தால் வெறும் தாழியைக் காட்டச் சொல்லுங்கள். செர்ரி மரப்பட்டையைக் கட்டிய கோலால் அதைக் கழுவும் விதமே பார்க்கத் தக்கது. திறப்பையே காண வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரலில் போங்கள். ஒயினைப் புட்டிக்கும் வேறு கலத்துக்கும் மாற்றும் காலம் அது. நீண்ட கோலில் கட்டிய சுரைக்குடுவையால் மொண்டு ஊற்றுவார்கள்.

நொதிக்கும் தாழிக்குள் தலையை நீட்டுவது

கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. குனிந்து மூச்சிழுத்தால் மயக்கம் வரும். விழுந்தால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

ஒரே நாளில் நான்கு வீடு

இரண்டு போதும். சுவைப்பதோடு முடியாது, மேசை போட்டு உணவு வைப்பார்கள், இரண்டு மூன்று மணி நேரம் போகும். தலைநகர் திபிலீசிக்குத் திரும்பும் கொம்போரி கணவாய்ப் பாதை 1,600 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் வளைவுகள் நிறைந்தது. நாலாவது வீட்டுக் கோப்பை அந்த வளைவில் வெளியே வரும். சைவம் என்றால் முதல்நாளே சொல்லிவிடுங்கள். பீன்ஸில் செய்யும் லோபியோவும், கீரையும் வால்நட்டும் அரைத்த ப்காலியும் தயாராக இருக்கும்.

சென்ட் பூசிக்கொண்டு மரானிக்குள் போவது

வேண்டாம்.

வெள்ளைச் சட்டை

சபெராவி திராட்சைக்குச் சதையும் சிவப்பு. கறை போகாது.

வாழ்த்துச் சொல்லுமுன் குடிப்பது

விருந்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு, தமாதா. அவர் பேசி முடிக்கும்வரை கோப்பையைத் தொடாதீர்கள். தாங்காது என்றால் உதட்டில் வைத்துவிட்டு இறக்கிவிடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். திராட்சைச் சக்கையிலிருந்து வடித்த சாச்சாவை வெறும் வயிற்றில் தொடவே வேண்டாம்.

பிளாஸ்டிக் புட்டியில் வாங்கி வருவது

வெயிலில் நின்ற காரில் ஒரு பகல் இருந்தால் போதும், வீட்டு ஒயின் கெட்டுவிடும். கண்ணாடிப் புட்டியில், கார்க் அடைத்துக் கேளுங்கள். இந்தியாவுக்குள் வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். 750 மில்லி புட்டி என்றால் இரண்டு. துணியில் சுற்றி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியின் நடுவில் வையுங்கள்.