தனியுரிமைக்காக ஓஎஸ் மாற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்ற ஓஎஸ்ஸுக்கு (ஓஎஸ் என்றால் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) வழக்கமான அப்டேட் நின்றுபோனது. அதிலிருந்து மார்த்தாண்டத்தில் எங்கள் சர்வீஸ் கடைக்குப் புது வகை ஆட்கள் வருகிறார்கள். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது, ஏறினாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும், அது வேவு பார்க்கும் என்று வீடியோவில் கேட்டுவிட்டு, பாதி வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வருகிறவர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஆடிய அதே கூத்துதான். பேக்கப் எடுக்காதது, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைப்பது இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை தெரிந்தே செய்வது.

## யாருக்குப் பயந்து மாற்றுகிறோம் என்று யோசிக்காதது

கருங்கல்லில் இருந்து வந்த ஒரு தம்பி டெயில்ஸ் என்கிற ஓஎஸ்ஸைப் போட்டுத் தரச் சொன்னான். பென்டிரைவில் ஓடும், இணையத்தை, நாம் யார் என்பதை மறைக்கும் டார் நெட்வொர்க் வழியாக அனுப்பும், நாமாகச் சேமிக்கச் சொல்லாத எதையும் அணைத்ததும் மறந்துவிடும். ஆபத்தில் இருக்கிற பத்திரிகையாளருக்கு அது தேவைதான். இவனுக்கு அதில் டிஎன்பிஎஸ்சி நோட்ஸ் வைக்க வேண்டுமாம். “அண்ணே, விளம்பரம் பின்னாலயே வருது, அதுக்காக்கும்” என்றான்.

விளம்பரத்துக்கு மருந்து பிரவுசரில் இருக்கிறது: பயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷன். கூடவே விண்டோஸ் செட்டிங்ஸில் விளம்பர ஐடியையும், விருப்பத்தின் பேரில் மைக்ரோசாஃப்டுக்கு அனுப்பும் டயக்னாஸ்டிக் டேட்டாவையும் (மெஷின் எப்படி ஓடுகிறது என்ற தகவல்) அணைத்துவிடலாம். கட்டாய டேட்டா ஹோம், புரோ பதிப்புகளில் போய்க்கொண்டுதான் இருக்கும். அதுவும் கூடாது என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்ற ஓஎஸ்ஸைப் பற்றிப் பேசலாம். பஸ்ஸில் லேப்டாப் தொலைந்தால் என்ன ஆகும் என்பது பயமென்றால், பார்க்க வேண்டியது டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது.

## சாவி யார் கையில் என்று பார்க்காமல் பயாஸில் கை வைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். இன்றைய விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இந்தப் பூட்டு தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. தினசரி திறக்கும் சாவி மெஷினுக்குள் டிபிஎம் சிப்பில் இருக்கும். மாற்றுச் சாவி 48 இலக்க எண்ணாக அந்தக் கணக்கில் போய் உட்காரும்.

தக்கலையில் இருந்து ஒரு காலேஜ் பையன் அப்பாவோடு வந்தான். அப்பா கல்ஃபில் இருந்து லீவுக்கு வந்தவர். லேப்டாப் விற்ற கடைக்காரர்கள் தாங்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கி லாகின் செய்து கொடுத்திருக்கிறார்கள். பையன் தனியுரிமை பற்றிப் படித்துவிட்டு அந்த லேப்டாப்பில் மட்டும் இருக்கும் லோக்கல் கணக்குக்கு மாறியிருக்கிறான். கணக்கு போனாலும் பூட்டு போகாது, அது அவனுக்குத் தெரியாது. பிறகு மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட வீடியோ பார்த்து, பயாஸுக்குள் (ஓஎஸ் ஏறும் முன்னால் வரும் செட்டிங்ஸ்) போய், நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் ஏற விடும் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைத்திருக்கிறான். (மின்டுக்குப் பெரும்பாலும் அதை அணைக்கத் தேவையே இல்லை.) நீலத்திரை வந்து அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டதும் பதறிப்போய் பயாஸில் டிபிஎம்மையும் அழித்துவிட்டான். செக்யூர் பூட்டை மட்டும் தொட்டிருந்தால், மறுபடி ஆன் செய்தாலே பெரும்பாலும் திறந்திருக்கும். டிபிஎம்மை அழித்தபின் அந்த எண்ணை விட்டால் வேறு வழி இல்லை.

விற்ற கடைக்குப் போன் போட்டோம். “அந்த ஐடி எல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு அண்ணாச்சி?” ஓடிபி போகிற நம்பர் யாருடையது என்றும் அவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்தவை பையனின் புராஜெக்ட், அப்பாவின் வேலை ஒப்பந்த ஸ்கேன், அக்கா கல்யாண வீடியோ. “சென்னைக்கு அனுப்பினா எடுத்துத் தருவாங்களா?” என்றார் அப்பா. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கில் இருந்து சில சமயம் எடுக்கலாம். இது கெடவில்லை; பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறது. எல்லாவற்றையும் அழித்து மின்ட் போட்டுக் கொடுத்தேன்.

ஓஎஸ்ஸைத் தொடும் முன் செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஆன் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்கின் வலைப்பக்கத்தில் ரெக்கவரி கீயை (அந்த மாற்றுச் சாவியை) எடுத்து, ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதியையும் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். அதே லேப்டாப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக வைக்கிறவர்களும் உண்டு. சவம், என்ன சொல்ல.

சாவி கம்பெனியிடமும் இருக்கிறதே, சட்டப்படி கேட்டால் கொடுத்துவிடுவார்களே என்பது நியாயமான கவலைதான். தாளில் எழுதிச் சரிபார்த்த பிறகு கணக்கில் இருப்பதை அழித்துவிடலாம், வரிசை மாறக்கூடாது. மின்ட் இன்ஸ்டால் செய்யும்போது என்கிரிப்ஷனை டிக் செய்தால் சாவி உங்கள் தலையில் மட்டும்தான். மறந்தால் கேட்க ஆள் இல்லை.

## காளி லினக்ஸ்

வேண்டாம். அது ஊடுருவல் சோதனை செய்கிறவர்களின், அதாவது கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாகப் புக முடிகிறதா என்று பார்க்கிறவர்களின் கருவிப்பெட்டி. அதன் டிராகன் சின்னம் பிடித்திருந்தால் வால்பேப்பரை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

## ‘லைட்’ விண்டோஸ்

மைக்ரோசாஃப்டை நம்ப மாட்டார்கள். டெலிகிராமில் முகம் தெரியாத ஒருவன் வெட்டி ஒட்டிய விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்யும் ஃபைலை) நம்புவார்கள். வேவு பார்ப்பதைப் பிடுங்குகிறேன் என்று வைரஸ் தடுக்கும் டிஃபெண்டரையும் அப்டேட்டையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பான். உள்ளே என்ன வைத்தான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம்.

## லினக்ஸ் போட்ட கையோடு குரோமில் சிங்க் ஆன் செய்வது

பார்த்த பக்கங்கள் எல்லாம் கூகுள் கணக்குக்குப் போய்விடும். பிறகு எதற்கு மாற்றினீர்கள்?

## பிழைப்புக்கான மென்பொருளைக் கடைசியில் பார்ப்பது

அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர் மகன் பேச்சைக் கேட்டு ஆபீஸ் மெஷினை லினக்ஸுக்கு மாற்றினார். கணக்கு எழுதும் டாலி மென்பொருள் விண்டோஸுக்கு எழுதியது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் மல்லுக்கு நின்றது. ஜிஎஸ்டி தேதி நெருங்கியதும் மெஷின் என் மேஜைக்கு வந்துவிட்டது. போட்டோஷாப்பில் ஆல்பம் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் விண்டோஸிலேயே இருந்து, அணைக்க முடிந்ததை அணைத்துக்கொள்ளட்டும்.

படிப்பு, பிரவுசிங், லிப்ரேஆபீஸ் போதும் என்றால் பழைய ஐ3 மெஷினில்கூட மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு சுகமாக ஓடும். லினக்ஸ் கஷ்டம் என்று களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்; கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உபுண்டு என்ற லினக்ஸ் வழிவந்த கைட் லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். மாற்றும் முன் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள்: வைஃபை எடுக்கிறதா, தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு வருகிறதா. முக்கியமாக, உங்கள் பிரிண்டரில் ஒரு தாளாவது அச்சாகி வெளியே வரும்வரை இன்ஸ்டால் பட்டனைத் தொடாதீர்கள்.