நீண்ட ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து பிடியுங்கள்

உரக்க வாசிக்கும்போது பிள்ளை நீண்ட ஆங்கிலச் சொல்லில் தடுக்கி நின்றால், எழுத்துக் கூட்டச் சொல்லாதீர்கள். அசை பிரிக்கச் சொல்லுங்கள்.

ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. கண்ணில் படும் எழுத்தை விட்டுவிட்டு, காதில் விழும் உயிரை எண்ண வேண்டும். மோவாய்க்கு அடியில் புறங்கையை வைத்துச் சொன்னால் ஒவ்வோர் உயிருக்கும் தாடை ஒருமுறை இறங்கும். 'கம்யூனிகேஷன்' ஐந்து: க-மியூ-னி-கே-ஷன். 'வெஜிடபிள்' பேச்சில் மூன்றுதான்: வெஜ்-ட-பல். மெய்கள் நெருங்கி நின்றால் நம் நாக்கு நடுவே ஓர் உயிரைச் செருகிவிடும். ஓரசையான 'ஃபில்ம்' அப்படித்தான் 'ஃபிலிம்' ஆகிறது. எண்ணிக்கை பிசகினால், ஓர் அசையை மட்டும் எடுப்பாகச் சொல்லும் அழுத்தமும் இடம் மாறிவிடும்.

அழுத்தத்தைக் காட்டுவது சொல்லின் வால். அகராதிகளைப் போல, அழுத்தம் விழும் அசைக்கு முன் ˈ என்று குறிக்கிறேன்.

'ஷன்', 'இக்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசை: இ-மி-ˈக்ரே-ஷன். சிங்கப்பூரின் பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையப் பெயரிலும் அப்படியே: ப-ˈடா-னிக். 'இட்டி', 'லஜி', 'க்ரஃபி' என்றால் கடைசியிலிருந்து மூன்றாவது: யூ-னி-ˈவர்-சி-டி. 'ஈஸ்', 'ஈயர்' அழுத்தத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும்: சை-ˈனீஸ், பை-ய-ˈனியர். 'நெஸ்', 'லி', 'மென்ட்' ஒட்டினால் அழுத்தம் நகராது. விதிக்கு அடங்காத ˈடெ-லி-வி-ஷன், ˈஅ-ர-பிக் போன்றவற்றை மனப்பாடம் செய்வதுதான் வழி.

வால் மாறினால் ஒரே சொல் எப்படிப் புரள்கிறது பாருங்கள்: ˈஃபோ-ட-கிராஃப், ஃப-ˈடா-க்ர-ஃபி, ஃபோ-ட-ˈகிரா-ஃபிக்.

நமக்கு உண்மையில் கடினம் அழுத்துவதில் இல்லை, மற்ற அசைகளைத் தளர்த்துவதில் இருக்கிறது. தமிழில் எல்லா அசையையும் தெளிவாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். சிங்கப்பூரின் அன்றாட ஆங்கிலப் பேச்சும் ஏறக்குறைய அதே சீரில் ஓடுவதால், காது தவற்றைக் காட்டிக்கொடுக்காது. அழுத்தம் என்றதும் பிள்ளைகள் கத்துவார்கள். அது வேண்டாம். அந்த அசையைச் சற்று நீட்டி, குரலை ஏற்றினால் போதும். மற்றவற்றை, 'காட்டு' என்பதன் கடைசி உகரத்தைக் குறுக்குவதுபோல, அரை மாத்திரைக்கு விட்டுவிடுங்கள். 'ஃபடாக்ரஃபி'யின் முதல் அசை 'ஃபோ' என்று ஒலித்தால் இன்னும் தளரவில்லை என்று பொருள்.

பயிற்சியையும் வாலிலிருந்தே தொடங்குங்கள்: ஷன், ˈகே-ஷன், னி-ˈகே-ஷன், மியூ-னி-ˈகே-ஷன், க-மியூ-னி-ˈகே-ஷன். முன்னாலிருந்து கூட்டினால் முதல் அசையிலேயே மூச்சும் அழுத்தமும் செலவாகிவிடும்.