வீல்சேரோடு ரயில் ஏறுவது: திருவொற்றியூரிலிருந்து காட்பாடி வரை

வேலூர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவையோ அப்பாவையோ வீல்சேரில் அழைத்துப் போக வேண்டுமா? டிக்கெட்டுக்கு முன்னால் அட்டையைக் கவனியுங்கள். அரசு மருத்துவர் தரும் சலுகைச் சான்றிதழை வைத்து ரயில்வேயின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். துணையில்லாமல் பயணிக்க முடியாதவர் என்றால் சாதாரண எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் 75 சதவீதம் தள்ளுபடி, கூட வரும் ஒருவருக்கும் அதே. டிக்கெட் போடும்போது மாற்றுத்திறனாளி கோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது சென்ட்ரல் போய்ச் சேருவது. மின்சார ரயில் மலிவுதான், ஆனால் காலை நெரிசலில் வீல்சேரைத் தூக்கி ஏற்றுவது வேண்டாத வேலை. திருவொற்றியூர் பக்கத்து விம்கோ நகரிலிருந்து சென்ட்ரல் வரை மெட்ரோ நேராகப் போகிறது, லிப்டும் இருக்கிறது. ரயில்கள் புறப்படும் முனையம் என்பதால் சென்ட்ரலில் எந்த பிளாட்பாரத்துக்கும் படி ஏற வேண்டியதில்லை. பேட்டரி காரும் உண்டு.

இனிமேல்தான் உண்மையான வேலை, பெட்டிக் கதவு. வாசலில் படி, உள்ளே குறுகலான நடைவழி. சாதாரண வீல்சேர் அதில் போகாது, ஆளைத்தான் தூக்க வேண்டும். அதனால் வீட்டிலேயே கெட்டியான ஒரு பெட்ஷீட்டை அவருக்குக் கீழே விரித்து உட்கார வையுங்கள். வாசலில் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டைக் கழற்றிவிட்டு, பலமானவர் பின்னாலிருந்து அக்குளுக்குள் கை கொடுத்துப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலுக்குக் கீழே பிடிக்க, பெட்ஷீட்டையும் சேர்த்து ஒரே சமயத்தில் தூக்க வேண்டும். கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள், தோள் போய்விடும். ஆள் போதவில்லையா, போர்ட்டரிடம் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சேரை மடக்கிக் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம், மடங்காத சேர் என்றால் பாடுதான்.

பல ரயில்களில் கார்டு வேனை (ரயில் கார்டு இருக்கும் பெட்டி) ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பகுதி இருக்கும், கதவும் கழிப்பறையும் அகலம். முடிந்தால் அதுவே மேல். மற்ற பெட்டிகளின் கழிப்பறைக்குள் வீல்சேர் போகவே போகாது, அதனால் கிளம்பும் முன் டயப்பர் பற்றி வெட்கப்படாமல் பேசிவிடுங்கள்.

வேலூருக்கு இறங்க வேண்டிய காட்பாடியில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அரக்கோணம் தாண்டியதும் பையைக் கட்டிவிடுங்கள், பிறகு கதவருகே இருக்கும் பயணிகளிடம் கேட்டு அவரை அங்கே மாற்றி உட்கார வையுங்கள். ரயில் நின்றதும் முதலில் சேர் இறங்க வேண்டும், அதை விரித்து பிரேக் போட்ட பிறகுதான் ஆள்.