சராசரி மழையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்: வடசென்னை அடுக்ககத்துக்கு ஒரு தண்ணீர்த் திட்டம்
சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. இதை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் அடிபடுவோம். 2015 நவம்பர் என்ற ஒரே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் மழை ஆயிரம் மி.மீ.யைத் தாண்டியது. 2019 ஜூனிலோ புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன.

அதனால் 30 வருடத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை அளவுகளைத் திரட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். மேலிருந்து 23-ஆவதாக நிற்பதுதான் திட்டத்துக்கான எண். நான்கில் மூன்று வருடம் அந்த அளவாவது கிடைக்கும்.

அது 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் மொட்டை மாடியில், 20 சதவீதம் வீணாவது போக, 80,000 லிட்டர். 16 பேருக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 2,160 லிட்டர், அதாவது 37 நாள் தண்ணீர்.

ஆனால் மழை தவணையில் வராது. ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டினால் 16,000 லிட்டர் இறங்கும், 5,000 லிட்டர் சம்ப் (நிலத்தடித் தொட்டி) நிரம்பி வழியும். வழிகிற குழாயைத் தெருவுக்கு விடாமல் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் ரீசார்ஜ் கிணற்றுக்குத் திருப்புங்கள். முதல் 2 மி.மீ., அதாவது சுமார் 400 லிட்டர், புறா எச்சமும் புழுதியுமாக இருக்கும். அதை வெளியே விடத் தனி வால்வு வேண்டும். வடிகட்டியின் ஜல்லியையும் மணலையும் செப்டம்பரிலேயே அலசிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் மாடியில் தண்ணீர் தேங்கி, ஓதம் ஏறும்.

தெருவில் தேங்கும் தண்ணீரை மட்டும் கிணற்றுக்குள் விடவே விடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்ப் படலம் வீடுகளுக்குள் வந்ததை மறக்க முடியாது.

திருவொற்றியூர், ராயபுரம் மாதிரி கடலோரத்தில் போர் போட்டிருந்தால் மாதம் ஒருமுறை தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் அளந்து நோட்டில் குறியுங்கள். எண் மாதாமாதம் ஏறினால் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் மோட்டார் ஓட்டுவதை விட்டு, அரை அரை மணியாகப் பிரித்து ஓட்டுங்கள். வேகமாக இழுத்தால் நல்ல தண்ணீருக்கு அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் மேலேறும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் பல்லாண்டுகள் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது.

ஜனவரி முதல் வாரத்தில் மெட்ரோ வாட்டரின் ஏரி நிலவரத்தைப் பாருங்கள். புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. பாதிக்குக் கீழே இருந்தால் அப்போதே லாரித் தண்ணீருக்குப் பணம் ஒதுக்குங்கள், தோட்டக் குழாயை மூடுங்கள்.