கீரைப் பாத்தியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடித்தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கீரையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சீக்கிரம் கைக்கு வரும், சரிதான். வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், அதை விடுகிறேன்.

அரைக்கீரையை வேரோடு பிடுங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், "அண்ணே, கீரை அமோகமா வந்திருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போனால் பாத்தி மொட்டை. அத்தனை அரைக்கீரையையும் பிடுங்கிக் கட்டுக் கட்டி வைத்திருக்கிறார். "முளைக்கீரையை இப்படித்தானே அண்ணே எடுத்தேன்?" என்று கேள்வி வேறு. மாதக்கணக்கில் அறுக்க வேண்டியது, ஒரே நாள் கடைசலோடு முடிந்தது.

முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை மூன்றுக்கும் விதை ஒரே மாதிரி: பொடியாக, கறுப்பாக, மினுமினுப்பாக இருக்கும். நாற்றிலும் அடையாளம் பிடிபடாது. அதனால் விதைத்த அன்றே பெயர் எழுதிக் குச்சி நட்டுவிடுங்கள். முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று, நான்கு வாரத்தில் இளசாகப் பிடுங்க வேண்டியவை. அரைக்கீரையை அறுக்க வேண்டும். அதுவும் தரையோடு ஒட்ட அல்ல. நாலு விரற்கடை தண்டை விட்டு. மிச்சமிருக்கும் கணுக்களில்தான் பக்கக்கிளை வெடிக்கும், பத்து நாளில் மறு அறுப்புக்கு வரும். பூங்கொத்து எட்டிப் பார்க்கும்வரை விட்டுவைத்தால் இலை சிறுத்துவிடும்.

சந்தேகமா? சந்தையில் கட்டைத் திருப்பி அடியைப் பாருங்கள். முளைக்கீரை வேரும் மண்ணுமாக இருக்கும், அரைக்கீரையில் அறுத்த தண்டுதான் இருக்கும். கிள்ளிக் கிள்ளி எடுக்கத்தான் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.3 ரகம் அதற்கென்றே வந்தது.

விதையை ஆழமாகப் புதைப்பது

மணலோடு கலந்து தூவுங்கள். பூவாளியால் தெளியுங்கள். போதும்.

பசலையையும் பாலக்கையும் ஒன்றென்று நினைப்பது

பசலை கொடி. பந்தல் கேட்கும், வெயிலைத் தாங்கும், தண்டை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். பாலக், பீட்ரூட்டுக்கு உறவு. தரையோடு கொத்தாக வரும், மார்கழி, தைக் குளிரில் செழிக்கும். சித்திரையில் பாலக் விதைத்துவிட்டு விதைக்காரரைத் திட்டாதீர்கள்.

வல்லாரை என்று எதையோ வாங்குவது

காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி மாதிரி சேர்ந்திருந்தால் அது வல்லாரை இல்லை. வல்லாரை இலையில் காம்பு சேரும் இடம் உள்வாங்கியிருக்கும்.

பொன்னாங்கண்ணிக்கு விதை தேடி அலைவது

சமைக்க வாங்கிய கட்டில் நாலு தண்டை எடுத்து நடுங்கள்.