பிராம்ஸின் நான்காம் சிம்பொனியை ஒலிப்பதிவில் கேட்கும் முறை

யோஹன்னஸ் பிராம்ஸ் தமது நான்காவதும் கடைசியுமான சிம்பொனியை 1884, 1885 ஆகிய இரு ஆண்டுகளின் கோடைக்காலங்களில், ஆஸ்திரியாவின் ஸ்டீரியா மலைப்பகுதியிலுள்ள மியூர்ட்ஸ்சுஷ்லாக் என்னும் சிற்றூரில் தங்கி எழுதினார். 1885 அக்டோபர் 25 அன்று ஜெர்மனியின் மைனிங்கன் நகரில், அங்கிருந்த அரசவை இசைக்குழுவை அவரே நடத்த, அது அரங்கேறியது. நான்கு பகுதிகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 நிமிடங்கள் ஒலிக்கும் இப்படைப்பை முதன்முறை கேட்பவர்களில் பலர், தொடக்கத்து மெட்டில் மயங்கி, ஐந்தாவது நிமிடத்தில் வழி தவறி, பத்தாவது நிமிடத்தில் கைபேசியை எடுத்துவிடுகிறார்கள். குறை அவர்களுடைய காதில் இல்லை. நாற்பது நிமிடங்களையும் ஒரே மூச்சில், எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் கேட்பதுதான் சிக்கல். ஆகவே இச்சிம்பொனியைக் கடைசிப் பகுதியிலிருந்து கேட்கத் தொடங்குமாறு நான் பரிந்துரைக்கிறேன்.

முதலில் ஒரு பதிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கார்லோஸ் கிளைபர் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1980இல் டாய்ச்ச கிராமோஃபோன் நிறுவனத்துக்காகப் பதிவு செய்ததை எடுத்துக்கொள்ளலாம். டிஜிட்டல் பதிவின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது என்பதால் வயலின்களின் ஒலியில் சற்றுக் கூர்மை தெரியும். ஆனால் இசையின் போக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கும் பதிவுகள் குறைவு. முதல் வயலின்களை இடப்புறமும் இரண்டாம் வயலின்களை வலப்புறமுமாக எதிரெதிரே அமர்த்துவது கிளைபரின் வழக்கம். எனவே ஹெட்ஃபோனிலோ, சரியான இடைவெளியில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களிலோ கேட்டால், ஒரு பக்கத்து வயலின்கள் கேட்பதற்கு மறுபக்கத்து வயலின்கள் விடை சொல்வதைப் பிரித்தறியலாம். கைபேசியின் சொந்த ஸ்பீக்கர் இதற்கு உதவாது. செல்லோ, டபுள் பேஸ் என்னும் அடிக்குரல் தந்திக் கருவிகள் அதில் ஏறக்குறைய மறைந்தே போகும்.

இணையச் செயலியில் கேட்பவர்கள் மூன்று அமைப்புகளைச் சரிபார்க்க வேண்டும். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியும், ஒன்று முடிந்ததும் வேறொன்றைத் தானாகத் தொடங்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள தொலைவு இந்த இசையின் உயிர்நாடி. ஒலியளவை எங்கே நிறுத்துவது என்பதற்கும் நான்காம் பகுதியே வழிகாட்டும். அதன் இரண்டாம், மூன்றாம் நிமிடங்களுக்கு இடையே தனியொரு புல்லாங்குழல் மெல்ல ஒலிக்கும் இடம் வரும். அக்குழலின் மூச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை வைத்துவிட்டு, பின்பு தொடக்கத்துக்குத் திரும்பிப் பாருங்கள். அங்கே எழும் முழக்கம் காதை உறுத்தாவிட்டால் அந்த அளவே சரியானது. மின்விசிறியின் இரைச்சல் குழலை மூடினால் ஒலியைக் கூட்டாதீர்கள், பத்து நிமிடங்களுக்கு விசிறியை நிறுத்திவிடுங்கள்.

நான்காம் பகுதி பாஸக்காலியா என்னும் பழைய வடிவில் அமைந்தது. எட்டு பார்கள், அதாவது எட்டுத் தாள அளவுகள், கொண்ட ஒரு சிறு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க, அதன் மேலும் கீழும் மற்ற இசை மாறிக்கொண்டிருப்பது இவ்வடிவின் இலக்கணம். இங்கே அந்த வரிக்கு மூலம், முற்கால இசையமைப்பாளர் பாக்கின் 150ஆம் கான்டாட்டாவில் (பாடகர்களும் கருவிகளும் சேர்ந்து இசைக்கும் படைப்பு வகை) வரும் ஒரு வரி. பிராம்ஸ் அதில் ஒரு ஸ்வரத்தைக் கூடுதலாகச் செருகி, ஏறுமுகத்தின் நடுவே ஒரு நெருடலை உண்டாக்கிக்கொண்டார். பகுதியின் தொடக்கத்தில் காற்றிசைக் கருவிகள் பாருக்கு ஒன்றாக எட்டுப் பெரிய கார்டுகளை, அதாவது பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் எழும் ஒலிகளை, ஒலிக்கின்றன. அவற்றின் உச்சியில் படிப்படியாக ஏறி, கடைசியில் சட்டென்று இறங்கும் வரிதான் நாம் தேடுவது. முந்தைய மூன்று பகுதிகளிலும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த டிரோம்போன்கள் என்னும் பித்தளைக் குழல்கள் முதன்முறையாகச் சேர்வதும் இங்கேதான்.

இப்போது கையில் எண்ணத் தொடங்குங்கள். ஒவ்வொரு பாருக்கும் மூன்று எண்ணிக்கை. பார் ஒன்று முடியும்போது ஒரு விரல். எட்டு விரல் ஆனதும் மறுபடி முதல் விரல். கச்சேரியில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு இது எளிய வேலை. எட்டாவது விரல் முடியும் ஒவ்வொரு தருணத்திலும் இசையின் முகம் மாறுவதைக் காண்பீர்கள்: டிம்பனி முரசின் உருட்டலோடு தந்திகளை விரலால் மீட்டும் ஒலி ஒருமுறை, ஓபோ, கிளாரினெட் என்னும் மரக்குழல்கள் இழைத்த நீண்ட வரி ஒருமுறை, வரி அடித்தளத்துக்கு இறங்கிவிட மேலே வயலின்கள் அழுத்தி இழுக்கும் அகன்ற மெட்டு வேறொரு முறை. இவ்வாறு முப்பது மாற்றங்கள் வருகின்றன. பன்னிரண்டாவது மாற்றம்தான் முன்னர் சொன்ன புல்லாங்குழல். அந்த இடத்தில் ஒவ்வொரு பாரும் இரு மடங்கு நீள்வதால் எண்ணிக்கை தடுமாறும். மூன்றையும் மெதுவாக எண்ணினால் எட்டு விரல் கணக்கு மீண்டும் பொருந்திவிடும். அடுத்து இசை மைனர் என்னும் சோகச் சாயல் கொண்ட ஸ்வர வரிசையிலிருந்து மேஜர் என்னும் மலர்ச்சியான வரிசைக்கு மாறி, டிரோம்போன்கள் ஊர்வலம்போல அடங்கிய குரலில் ஒலிக்கின்றன. இச்சிம்பொனியிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். உடனே பதினாறாவது மாற்றமாகத் தொடக்க வரி பழைய கடுமையோடு திரும்பி வரும்போது, அது எங்கும் போகவே இல்லை, அடியில் இருந்துகொண்டே இருந்தது என்பது எண்ணிவந்த கைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இரண்டு மூன்று நாள்கள் இப்பகுதியை மட்டும் கேட்டபின் முதற் பகுதிக்குச் செல்லலாம். அது முன்னுரை எதுவுமின்றி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பேச்சின் நடுவே நாம் நுழைந்ததுபோல, வயலின்களின் இரண்டிரண்டு ஸ்வரங்களாகத் தொடங்குகிறது: ஒரு இறக்கம், ஒரு ஏற்றம், மறுபடி ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். இந்த எட்டு ஸ்வரங்களை முனகத் தெரிந்துகொள்வது போதும். செல்லோவும் ஹார்ன் என்னும் வளைந்த பித்தளைக் குழலும் சேர்ந்து பாடும் இரண்டாம் மெட்டு தானாகவே மனத்தில் பதிந்துவிடும். கவனம் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டு. மெட்டுகள் எல்லாம் அறிமுகமாகி முடிந்ததும் தொடக்கம் அப்படியே திரும்ப வரும். அக்காலச் சிம்பொனிகளில் முதற் பாதியை மீண்டும் ஒருமுறை இசைக்கும் வழக்கம் இருந்ததால், அன்றைய கேட்பவரும் அப்படியே எண்ணியிருப்பார். ஆனால் சில பார்களுக்குள் இசை வேறு திசையில் திரும்பிவிடுகிறது. இன்னும் நுட்பமானது இரண்டாவது இடம். நெடிய அலைச்சலுக்குப்பின் ஓசை ஏறக்குறைய அவிந்துபோக, காற்றிசைக் கருவிகள் மிக நீண்ட நான்கு ஸ்வரங்களை ஒலித்து நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே தந்திக் கருவிகள் புகைபோல எழுந்து அடங்குகின்றன. மறுபடி நான்கு நீண்ட ஸ்வரங்கள். மயக்கமான இடைவெளி என்று பலர் கடந்துபோகும் இதுவே, இழுத்து நீட்டப்பட்ட தொடக்க மெட்டு. எட்டு ஸ்வரங்களை முனகிப் பழகியவருக்கு மட்டுமே வீடு திரும்பியது தெரியும்.

இரண்டாம் பகுதியைத் துணையின்றி ஒலிக்கும் ஹார்ன்கள் திறக்கின்றன. ஐரோப்பியர் ஃபிரிஜியன் என்று அழைக்கும் அந்தப் பழைய ஸ்வர வரிசை நமது தோடியின் வரிசையே ஆயினும், கமகம் இல்லாமையால் தோடியாகக் கேட்காது. தேடி ஏமாற வேண்டாம். வியன்னா இசைக்குழுவினர் தங்கள் நகரத்துக்கே உரிய தனி வகை ஹார்னையும் ஓபோவையும் வாசிப்பவர்கள் என்பதால், இத்தொடக்கத்தின் நிறம் மற்றக் குழுக்களின் பதிவுகளில் வேறாக இருக்கும். பின்னர் செல்லோக்கள் பாடும் மெட்டுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாம் பகுதி ஆறு நிமிட ஆரவாரம். பிராம்ஸின் நான்கு சிம்பொனிகளிலும் ட்ரையாங்கிள் என்னும் முக்கோணக் கம்பிக் கருவி ஒலிப்பது இங்கே மட்டும்தான் என்பதை அறிந்துகொண்டு மகிழ்ச்சியாகக் கேட்டால் போதும்.

பிறகு ஒருநாள் நாற்பது நிமிடங்களையும் முறையான வரிசையில் கேளுங்கள். பகுதிகளுக்கிடையே அசையாமல் இருக்க வேண்டும் என்ற பயபக்தி தேவையில்லை. 1897 மார்ச் 7 அன்று வியன்னாவில் ஹான்ஸ் ரிக்டர் இதே சிம்பொனியை நடத்தியபோது, நோயுற்று மெலிந்த பிராம்ஸ் அரங்கில் அமர்ந்திருக்க, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. ஒரு மாதம் கழியுமுன், ஏப்ரல் 3 அன்று, அவர் இறந்துபோனார். எழுந்து தண்ணீர் குடிக்கலாம். ஆனால் நான்காம் பகுதியின் கடைசி இரண்டு மாற்றங்கள் வரும்போது உட்கார்ந்திருங்கள். வேகமான முடிவுரைக்குச் சற்று முன்னால் அங்கே, முதற் பகுதியின் இறங்கும் ஸ்வர ஜோடிகள் பாஸக்காலியா வரியின்மீது மறுபடி கேட்கும். கடைசிப் பகுதியை முதலில் கேட்டபோது அவற்றை நீங்கள் அடையாளம் கண்டிருக்க முடியாது.

வில்ஹெல்ம் ஃபுர்ட்வேங்லர் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய 1943ஆம் ஆண்டுப் போர்க்காலக் கச்சேரியின் பதிவை இதற்குப் பிறகே எடுக்க வேண்டும். ஒலித்தரம் மங்கல், இருமல்கள் கேட்கும், வேகம் கிளைபரிடம் இருப்பதுபோல் நிலையாக நிற்காமல், இழுபட்டும் விரைந்தும் செல்லும். எட்டு விரல் கணக்கைக் கையில் வைத்திருந்தால், அவர் எந்த மாற்றத்தில் எவ்வளவு நேரம் தாமதிக்கிறார், எதை விரட்டுகிறார் என்பதை நீங்களே அளந்துகொள்ளலாம்.